எண் விழுகிற இடத்துக்குச் சைக்கிளில் போகிறேன். வாழைத்தோப்புக்காரரிடம் என்ன சொல்ல?

பாளை_ஒத்தக்கியர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தை மாதத்திலிருந்து ஒரு கிறுக்குப் பிடித்திருக்கிறது. ஞாயிறு விடியுமுன் போனில் எக்செல்லைத் திறந்து ஒரு திசையையும் ஒரு தூரத்தையும் தானாக விழ வைப்பேன். திசை 0 முதல் 359 டிகிரிக்குள், தூரம் 1 முதல் 25 கிலோமீட்டருக்குள். பாளையங்கோட்டையில் என் வீட்டிலிருந்து அந்தத் திசையில் அந்தத் தூரத்தில் எந்த அட்சரேகை, தீர்க்கரேகை வருகிறதோ அங்கே சைக்கிளில் போய் நிற்க வேண்டும். நாலு பக்கமும் ஒவ்வொரு படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அவ்வளவுதான். வண்டி கியர் இல்லாத பழைய வண்டி, கேரியரில் ஒரு தண்ணீர்ப் பாட்டில்.

இதுவரை 17 புள்ளி ஆகிவிட்டது. ஒன்று கங்கைகொண்டானுக்கு மேற்கே வெறும் பொட்டல். ஒன்று ஒரு சுடலைமாடன் பீடத்திலிருந்து பத்தடி தள்ளி. ஒன்று சீவலப்பேரிப் பக்கம் ஆற்றுக்கு நடுவில் விழுந்தது, கரையில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். வல்லநாடு போகிற வழியில் பனையேறுகிற அண்ணாச்சி ஒருவர் பட்டையில் பயினி (பதநீர்) ஊற்றிக் கொடுத்து, காசை நீட்டினால் முறைத்தார். பிறந்ததிலிருந்து இந்த ஊர்தான், ஆனால் ரோட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே என்ன இருக்கிறது என்று இந்த ஆறு மாதத்தில்தான் பார்க்கிறேன்.

இப்போது பிரச்சினை. போன வாரம் கருங்குளத்துக்கு இந்தப் பக்கம் விழுந்தது, ரோட்டிலிருந்து 140 மீட்டர் உள்ளே ஒரு வாழைத்தோப்புக்குள். தார் முற்றி வெட்டுக்கு நிற்கிறது. நான் போனைப் பார்த்துக்கொண்டே வரப்பில் போகிறேன். தோப்புக்காரர் வந்துவிட்டார். "யாரு நீங்க, என்ன பாக்குதிய?" "இந்த நம்பர் இங்கே வருது அண்ணாச்சி" என்று போனைக் காட்டினேன். "எந்த நம்பரு? யாருக்கு வருது?" அதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்து, போனில் இருக்கிற படத்தையெல்லாம் காட்டு என்றார்கள். காட்டினேன். வெறும் பொட்டல், வெறும் வயல், வறண்ட குளம், மறுபடி வெறும் பொட்டல். அதைப் பார்த்ததும் சந்தேகம் தீரும் என்று நினைத்தேன், கூடிவிட்டது. "ஒண்ணுமே இல்லாத எடமாப் பாத்துப் படம் புடிச்சு வச்சிருக்கான், என்னத்துக்கு?" என்று ஒருவர் மற்றவரிடம் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. எப்படியோ விட்டுவிட்டார்கள்.

இப்படி யாராவது செய்கிறீர்களா? ஆட்கள் கேட்டால் என்ன சொல்கிறீர்கள்? எவ்வளவு பக்கத்தில் நின்றால் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு? அப்புறம், எனக்கு மட்டும் ஏன் பாதிக்கு மேல் வீட்டுப் பக்கத்திலேயே விழுகிறது? ஒரு தடவை பக்கத்துத் தெருவில் விழுந்தது, அசிங்கமாகப் போய்விட்டது.

---

டியூஷன்_சார் எழுதியது:

கடைசிக் கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். தப்பு எண்ணில் இல்லை, குலுக்குகிற விதத்தில் இருக்கிறது. 25 கிலோமீட்டர் வட்டத்துக்குள் 12.5 கிலோமீட்டருக்கு இன்னொரு வட்டம் போடுங்கள். உள்வட்டத்தின் பரப்பு மொத்தத்தில் கால் பங்குதான். ஆனால் நீங்கள் தூரத்தை 1 முதல் 25 வரை சமமாகக் குலுக்குவதால் கிட்டத்தட்ட பாதிப் புள்ளி அந்தக் கால் பங்குக்குள் போய் விழுகிறது. வெளியே முக்கால் பங்கு நிலம் மீதிப் பாதிக்காகக் காத்துக் கிடக்கிறது.

மாற்று வழி: 0-க்கும் 1-க்கும் நடுவில் ஓர் எண்ணை விழ வையுங்கள், அதற்கு வர்க்கமூலம் எடுங்கள், 25-ஆல் பெருக்குங்கள். 0.25 விழுந்தால் 12.5 கிலோமீட்டர், 0.5 விழுந்தால் சுமார் 17.7. இது தலைவலி என்றால் திசை, தூரம் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு அட்சரேகை 8.49 முதல் 8.95-க்குள் ஒன்று, தீர்க்கரேகை 77.51 முதல் 77.97-க்குள் ஒன்று என்று நேரடியாகக் குலுக்குங்கள். நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டுமே ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 110 கிலோமீட்டர்தான், பெட்டி சதுரமாகவே இருக்கும். மூலையில் விழுந்தால் மட்டும் 35 கிலோமீட்டர் வரை போகும், காலுக்குத் தெம்பு இருந்தால் போங்கள்.

எவ்வளவு பக்கம் என்பதற்கு என் யோசனை: மூன்று தசமத்தோடு நிறுத்துங்கள். ஐந்தாவது தசமம் என்பது ஒரு மீட்டர், வெட்டவெளியிலேயே போன் ஜிபிஎஸ் நாலைந்து மீட்டர் தள்ளித்தான் காட்டும், வாழை இலைக்கு அடியில் கேட்கவே வேண்டாம். மூன்று தசமம் என்றால் பக்கத்துக்கு 110 மீட்டர் உள்ள ஒரு கட்டம், மூன்று ஏக்கர். அந்த மூன்று ஏக்கரில் எங்கே கால் வைத்தாலும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் மூன்று ஏக்கருக்குள் ஒரு வண்டிப்பாதையோ வாய்க்கால் கரையோ இல்லாமல் இருப்பது அபூர்வம்.

---

மருதூர்_மேலக்கால் எழுதியது:

தம்பி, அந்தத் தோப்புக்காரர் நான் இல்லை, ஆனால் நானாக இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். கோபப்படாமல் கேளுங்கள்.

தார் முற்றியிருக்கிற நேரத்தில் முன்பின் தெரியாத ஆள் உள்ளே வந்தால் என்ன நினைப்போம்? ராத்திரி வெட்டுவதற்குப் பகலில் நோட்டம் பார்க்கிறான் என்று. அது இல்லையென்றால் மோட்டார் ஒயர். செம்புக்காகக் கிணற்றடியில் ஒயரை அறுத்துக்கொண்டு போனால் மறுபடி வாங்கிப் போட ஆயிரக்கணக்கில் ஆகும். போனைப் பார்த்துக்கொண்டே குனிந்து நடக்கிறவனை அப்படித்தான் பார்க்கத் தோன்றும். நிமிர்ந்து நடங்கள். ஆளைப் பார்த்ததும் அவர் கேட்குமுன் நீங்களே சத்தம் கொடுங்கள், சைக்கிளை ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். ஒளித்து வைத்துவிட்டு வந்தால் கதை முடிந்தது.

வரப்பு நடக்கத்தான் இருக்கிறது, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம். ஆனால் புதிதாக அண்டை வெட்டிச் சேறு பூசிய வரப்பில் கால் வைத்தால் அன்றைக்கு ஒரு ஆள் கூலி உங்கள் காலடியில் போச்சு. பளபளவென்று ஈரமாகத் தெரியும், பார்த்தாலே புரியும். மடையில் வைத்திருக்கிற மண்ணை மிதிக்காதீர்கள், தண்ணீர் வேறு வயலுக்குப் போய்விடும், அதில் வருகிற சண்டைக்கு நீங்கள் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். கார், பிசானம் என்று இரண்டு போக நெல்லும் நட்டிருக்கிற சமயம் வயலுக்குள் இறங்கவே வேண்டாம், வரப்பிலிருந்து பார்த்துவிட்டுப் போங்கள். பிசானம் அறுத்த பிறகு, பங்குனி சித்திரையில் வந்தால் தாள் நிற்கிற வயலில் நீங்கள் எந்தக் கோட்டில் வேண்டுமானாலும் நடக்கலாம், நாங்களே குறுக்கேதான் நடப்போம்.

இன்னொன்று, இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். களக்காடு, கடையம் மாதிரி மலையடிவாரப் பக்கம் போனால் இருட்டில் தோட்டத்துக்குள் நுழையவே கூடாது. பன்றிக்காகச் சிலர் திருட்டுத்தனமாகக் கரண்டுக் கம்பி கட்டுகிறார்கள். தப்புதான், ஆனால் கட்டுகிறார்கள்.

---

தேரிமணல் எழுதியது:

இதற்கு உலகத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது, ஜியோஹாஷிங். 2008 மே மாதம் இணையத்தில் வந்த ஒரு கேலிச்சித்திரத்திலிருந்து கிளம்பியது. அன்றைய தேதியையும் நியூயார்க் பங்குச்சந்தையின் டோ ஜோன்ஸ் குறியீடு அன்று எந்த எண்ணில் திறந்தது என்பதையும் சேர்த்து எம்டி5 என்கிற கணக்குக்குள் போட்டு அரைத்தால் இரண்டு தசம எண் வரும், அதை உங்கள் ஊரின் டிகிரிக்குப் பின்னால் ஒட்ட வேண்டும். உங்களுடையது மாதிரி தனியாள் சீட்டு இல்லை, ஒரே ஒரு-டிகிரிக் கட்டத்தில் இருக்கிற எல்லோருக்கும் அன்றைக்கு ஒரே புள்ளி. சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு அங்கே சந்திக்கலாம் என்பது ஏற்பாடு. அங்கே சந்தை திறக்கும்போது நமக்கு ராத்திரி ஏழோ எட்டோ ஆகிவிடும், அதனால் நம் பக்கத்து நாடுகளுக்கு முந்தைய நாள் எண்ணையே எடுத்துக்கொள்வார்கள்.

நானும் ஒரு வருடம் முயன்றேன். நம்முடையது 8, 77 கட்டம். அதில் பாளை, தென்காசி, நாகர்கோவில் எல்லாம் வரும். கூடவே முண்டந்துறைக் காடு, மலைக்கு அந்தப் பக்கம் நெய்யாறு அணை, தெற்கே கடல், எல்லாமும் வரும். திருச்செந்தூரும் தூத்துக்குடியும் 78-க்குப் போய்விடும். சுமார் 12,000 சதுர கிலோமீட்டரில் ஒரே ஒரு புள்ளி, சைக்கிளுக்கு எட்டுகிற மாதிரி எனக்கு விழுந்தது மொத்தம் ஐந்து தடவை, அதில் ஒன்று குதிரைமொழித் தேரியில் (பக்கத்துக் கட்டம்தான், ஏமாற்றிப் போனேன்). செம்மணலில் சக்கரம் பாதி புதைந்து வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒரு சனிக்கிழமையும் இன்னொரு ஆள் வந்ததில்லை. உங்கள் வட்டம்தான் இந்த ஊருக்குச் சரி.

ஆனால் புள்ளி விழுந்தாலும் போகக் கூடாத இடங்களை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம், மகேந்திரகிரியில் இஸ்ரோ, கூடங்குளம். உங்கள் 25 கிலோமீட்டருக்குள் கங்கைகொண்டான் மான் சரணாலயமும் வல்லநாட்டு வெளிமான் சரணாலயமும் இருக்கின்றன, வேலிக்கு வெளியே நின்று திரும்பிவிடுங்கள். ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் விழுந்தால் இன்னும் கவனம். 1876-இலேயே தோண்டிப் பார்க்க ஆரம்பித்த இடம், முதுமக்கள் தாழியும் பானை ஓடும் காலில் இடறும், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே போனோடு குனிந்து நடந்தால் ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

என்ன சொல்வது என்பதற்கு என் அனுபவம் ஒன்று. நாங்குநேரிப் பக்கம் ஒரு ஊரில் ஒரு தடவை வேடிக்கையாக "அளக்க வந்திருக்கேன்" என்று சொல்லித் தொலைத்தேன். ஐந்து நிமிடத்தில் டீக்கடை மொத்தமும் வந்துவிட்டது. "நாலு வழிச்சாலையா, காத்தாடிக் கம்பெனியா, எங்க நெலம் போவுதா?" ஒரு பாட்டி அழவே ஆரம்பித்துவிட்டார். இல்லவே இல்லை, பொய் சொன்னேன் என்று புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது, அதன்பிறகு அந்த ஊர் வழியாகவே போவதில்லை. சர்வே என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்காதீர்கள்.

---

நவகைலாயன் எழுதியது:

ஒன்றும் இல்லாத இடத்துக்கு ஏன் போக வேண்டும்? அதே 25 கிலோமீட்டருக்குள் சேரன்மகாதேவி, கோடகநல்லூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம் என்று எவ்வளவு கோயில். புண்ணியமும் ஆச்சு, உடற்பயிற்சியும் ஆச்சு, யாரும் போனைப் பிடுங்கிப் பார்க்கவும் மாட்டார்கள்.

---

கரிசல்_பெடல் எழுதியது:

அண்ணாச்சி, கோயிலுக்கும் போவோம், அது வேறு கணக்கு. அங்கே போகும்போது என்ன பார்க்கப் போகிறோம் என்று முன்பே தெரியும்.

பாளை தம்பிக்கு: வடக்கே கயத்தாறு பக்கம் விழுந்தால் கரிசல். மழை பெய்து மூன்று நாளுக்கு உள்ளே வராதீர்கள். மண் டயரில் அப்பி மட்கார்டுக்குள் இறுகிச் சக்கரம் சுற்றாது, குச்சியால் நோண்டி நோண்டி ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும். புரட்டாசி ஐப்பசியில் விதைத்து மாசிக்குள் எடுத்துவிடுவார்கள், பங்குனியிலிருந்து ஆவணி வரை காடு (மானாவாரி நிலத்தை அப்படித்தான் சொல்வோம்) சும்மா கிடக்கும், யார் காட்டிலும் நடக்கலாம். நிழல் மட்டும் கேட்காதீர்கள். உடைமுள்ளுக்குப் பஞ்சர் கடையில் சொல்லிப் பழைய டியூபை நீளமாக வெட்டி டயருக்குள் சுற்றிவிடுங்கள், வண்டி கொஞ்சம் கனக்கும், ஆனால் போன வருடம் முழுக்க எனக்கு ஒரே ஒரு பஞ்சர்.

குலுக்கிச் சலித்துவிட்டால் ஒரு இடம் சொல்கிறேன். 9.000, 78.000. முழு எண்ணும் முழு எண்ணும் வெட்டிக்கொள்கிற இடம். எட்டயபுரத்துக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் நடுவில் காட்டுக்குள் இருக்கிறது, பாளையிலிருந்து நேர்கோட்டில் 42 கிலோமீட்டர். உலகம் முழுக்க இப்படி வெட்டுகிற இடங்களுக்குப் போய்ப் படம் எடுக்கிற ஒரு கூட்டம் 1996-இலிருந்தே இருக்கிறது. அங்கே போனால் என்ன தெரியும் என்று கேட்காதீர்கள், தெரிந்ததுதானே.

---

பாளை_ஒத்தக்கியர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வர்க்கமூலம் போட்டாச்சு, மூன்று தசமமும் வைத்தாச்சு. 140 மீட்டர் புள்ளிக்கு அந்தக் கட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன், தோப்புக்குப் பின்பக்கம் போகிற வாய்க்கால் கரை அதற்குள்ளேயே வருகிறது. கரை வழியாகப் போயிருந்தால் தோப்புக்குள் கால் வைத்திருக்கவே வேண்டாம்.

மேலக்கால் அண்ணாச்சி சொன்னபடி நேற்று சாயங்காலம் அதே கரை வழியாகப் போனேன். தோப்புக்காரர் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்தே சத்தம் கொடுத்தேன். "என்னய்யா, நம்பரு மறுபடியும் வந்திருச்சா?" என்றார். சீட்டுக் குலுக்கி விழுந்த ஊருக்குச் சைக்கிளில் போகிற பழக்கம், அதில் உங்கள் தோப்பு விழுந்துவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பரிசு ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்கு அதுதான் கடைசி வரைக்கும் புரியவில்லை, ஆனால் இந்தத் தடவை போனைக் கேட்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கு 8.812, 77.618 விழுந்திருக்கிறது. தென்காசி ரோட்டுக்கும் மானூருக்கும் நடுவில், படத்தில் பார்த்தால் பாதிக் கட்டம் ஒரு குளத்துக்குள் இருக்கிறது. ஆனிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், பாதையும் மேற்கே போகிறது, பத்து மணிக்கு மேல் எதிர்த்து மிதிக்க முடியாது. காலை ஐந்தரைக்கு வண்ணார்பேட்டைப் பாலத்தடியில் நிற்பேன், யாராவது வருவதாக இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.