சவாசனத்தில் படுத்தால் படபடக்கிறது, எனக்கு மட்டும்தானா?

காவிரிக்கரை:
போன வருடம் திருச்சி பைபாஸில் என் ஸ்கூட்டியைப் பின்னாலிருந்து ஒரு லாரி தட்டிவிட்டது. இடது கால் முறிந்து, பிளேட் வைத்து, பிசியோதெரபியும் முடிந்துவிட்டது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்கிறார் டாக்டர். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஏர் ஹாரன் கேட்டால் போதும், மூச்சு நின்று, தோள் இரண்டும் மேலேறி, கால் நகர மறுக்கிறது. ஆபத்தில்லை என்று புத்திக்குத் தெரிகிறது, உடம்பு கேட்பதில்லை.

"யோகாவுக்குப் போ, மனசு அமைதியாகும்" என்றார்கள் வீட்டில். ஆசனங்கள் பரவாயில்லை. கடைசியில் விளக்கை அணைத்து, கண்ணை மூடி மல்லாந்து படுக்கச் சொல்கிறார்களே, அங்கேதான் சிக்கல். ரோட்டில் கிடந்தது அப்படியே திரும்ப வருகிறது. மாஸ்டர் சத்தமில்லாமல் வந்து தோளை அழுத்தினார், கத்திவிட்டேன். யோகா எனக்கு ஒத்துவராதா?

வெள்ளைச்சாமி:
எல்லாம் மனசுதாங்க காரணம். பயத்தை விட்டாலே சரியாகிவிடும்.

கம்புக்காரி, மதுரை:
வெள்ளைச்சாமி சார், விட முடிந்தால் விட்டிருக்க மாட்டாரா?

காவிரிக்கரை, உங்களுக்கு மட்டும் இல்லை. எனக்கு நடந்தது விபத்து இல்லை. என்னவென்று இங்கே எழுதப்போவதும் இல்லை. எனக்கும் கண்ணை மூடி அசையாமல் கிடப்பதுதான் ஆகாது. தப்பிக்க வழியில்லாமல் கிடந்த உடம்பை மறுபடி அதே மாதிரி கிடத்தினால் வேறென்ன செய்யும்?

யோகாவே ஆகாது என்றும் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் பெசல் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவரின் குழு 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பழைய அதிர்ச்சியின் பாதிப்பு மற்ற சிகிச்சையில் குணமாகாத 64 பெண்கள். வாரம் ஒரு மணி நேரம், 10 வாரம். யோகா செய்தவர்களில் பாதிப் பேருக்கு பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநலப் பாதிப்பு, என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லாமல் போயின. உடல்நல வகுப்பு மட்டும் கேட்ட பிரிவில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அப்படி. அந்த வகை யோகாவில் ஆசிரியர் உத்தரவு போடுவதில்லை, "விருப்பமிருந்தால் கையைத் தூக்கிப் பாருங்கள்" என்பார். தொட்டுத் திருத்துவது கிடையாது. பாதியில் நிறுத்தினால் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஆகவே மாஸ்டரிடம் நேராகவே கேளுங்கள்: விளக்கு எரியட்டும், கண் திறந்திருக்கட்டும், முதுகைச் சுவரில் ஒட்டி ஒருக்களித்துப் படுக்கிறேன், சொல்லாமல் தொடாதீர்கள். முகம் சுளித்தால் வேறு வகுப்பு பாருங்கள்.

எனக்குக் கைகொடுத்தது சிலம்பம். "என் கண்ணில் படுகிற இடத்தில் நின்றே சொல்லிக்கொடுங்கள்" என்றேன், ஆசான் காரணம் கேட்கவில்லை. முதலில் வெறும் காலடிதான், பாதம் தரையில் அழுந்துவது தெரியும். அப்புறம் கம்பு. முதுகுப் பக்கம் அது விர்ரென்று வரும். பின்னாலிருந்து வருகிற சத்தம்தான், ஆனால் சுற்றுவது என் கை. நிறுத்த நினைத்தால் நிற்கும். அந்த வித்தியாசம் உடம்புக்குப் புரிய நாளாயிற்று, இப்போது கடைத்தெருவில் யாராவது பின்னால் ஓடிவந்தால் திரும்பிப் பார்த்துவிட்டு நடக்கிறேன்.

நிமிர்:
பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் இரண்டு வார்த்தை. பிளேட் இருக்கும் காலில் குதிப்பது, சுழல்வது எல்லாம் எலும்பு டாக்டரைக் கேட்ட பிறகுதான். தூக்கம் கெடுவது, கெட்ட கனவு, ரோட்டுக்கே போகாமல் இருப்பது என்று இருந்தால் அசைவு மட்டும் போதாது, மனநல ஆலோசகரையும் பாருங்கள். அதிர்ச்சிக்கான சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை), இஎம்டிஆர் (நடந்ததை நினைத்தபடியே கண்களை இருபுறமும் அசைக்கும் சிகிச்சை) இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்திருக்கிறது. உடனே பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

காவிரிக்கரை:
நன்றி. கனவு வருகிறது, 14416-இல் பேசுகிறேன். கம்புக்காரி அக்கா, டாக்டர் சரி என்றால் என்ன உயரத்தில் கம்பு வாங்கணும்?

கம்புக்காரி, மதுரை:
நெற்றி உயரம். ஆனால் இப்போதே வாங்காதீர்கள், ஆரம்பத்தில் காலடிக்கு அது தேவையில்லை.