ஜீப் மாதிரியில் படியும் வெண்மை: ஆலோசனை வேண்டும்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். நுவரெலியாவிலிருந்து எழுதுகிறேன். 1:35 அளவிலான வில்லிஸ் ஜீப் மாதிரி ஒன்றை, 1944 ஏப்ரலில் கண்டிக்கு இடம்மாறிய, இரண்டாம் உலகப் போர்க்கால நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியக் கட்டளையகத்தின் வாகனமாக அமைத்து வருகிறேன். முழு வண்டியும் பத்து சென்ரிமீற்றருக்குள் அடங்குவதால், தரையிலுள்ள மூன்று நெம்புகோல்களையும் இடுக்கியால் பிடித்துத்தான் ஒட்ட வேண்டியிருந்தது.

பச்சை அக்ரிலிக் தீந்தை நன்றாகவே பிடித்திருக்கிறது. சிக்கல் கடைசிப் பூச்சில்தான். பளபளப்பை அடக்குவதற்காக மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தால், பொனட்டின் மேலும் மட்கார்ட் ஓரங்களிலும் பால் தெளித்தாற்போல வெண்மை படிகிறது. கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பூச்சுக்குள் சிக்கிக்கொள்வதே காரணம் என்பது தெரியும். ஆனால் பிற்பகலானால் மூடுபனி யன்னல் வரை வந்துவிடும் இவ்வூரில், ஈரமற்ற நாளுக்காகக் காத்திருங்கள் என்ற வழக்கமான அறிவுரை அவ்வளவாக உதவாது.

படிந்த வெண்மையை, அடியிலுள்ள தீந்தையும் வெள்ளை நட்சத்திர டெக்கலும் (ஒட்டுப்படமும்) கெடாமல் நீக்க முடியுமா? மேலே மெல்லிய பளபளப்புப் பூச்சுக் கொடுத்தால் தெளியும் என்கிறார்கள். செய்து பார்த்தவர்களே சொன்னால் துணிந்து இறங்குவேன். தூரிகையால் பூசக்கூடிய, நீரில் கரையும் மேட் வார்னிஷ் கண்டியிலோ கொழும்பிலோ எங்கே கிடைக்கும்? (ஸ்பிரே டப்பாக்களை விமானத் தபாலில் ஏற்க மாட்டார்கள்.) அக்கட்டளையகத்தின் பீனிக்ஸ் சின்னம் ஜீப்புகளில் வரையப்பட்டிருந்ததா, ஆயின் எந்த இடத்தில் என்பதைக் காட்டும் பழைய படம் எவரிடமேனும் இருந்தால் பகிருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.