ஈஆர்பி உங்களுக்கு எங்கே பிடிபட்டது? அனுபவங்களைச் சொல்லுங்கள்

எம்காம் மல்லி (விருதுநகர்)

எம்.காம் இரண்டாம் ஆண்டு. இந்த செமஸ்டரில் ஈஆர்பி (கம்பெனியின் எல்லாத் துறை வேலையையும் ஒரே இடத்தில் பதியும் மென்பொருள்) ஒரு பேப்பர். புத்தகத்தில் நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் கொள்முதல், உற்பத்தி, விற்பனை, நிதி, மனிதவளம், கிடங்கு என்று வட்டங்கள். "எல்லாத் துறைகளும் ஒரே தரவுத்தளத்தில் இணைகின்றன" என்று எழுதினால் மார்க் வந்துவிடும். ஆனால் இணைந்ததால் முதலாளிக்கு என்ன ஆயிற்று, டேலி கணக்கு மென்பொருளில் கிடைக்காதது இதில் என்ன கிடைக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் வராது. வேலையில் இருக்கிற அண்ணன்கள், அக்காக்கள் உங்களுக்குப் பிடிபட்ட இடத்தைச் சொல்லுங்கள். டெஃபனிஷன் வேண்டாம், அது கைவசம் நிறைய இருக்கிறது.

நூல்கண்டு (திருப்பூர்)

பனியன் ஏற்றுமதி யூனிட்ல அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேனுங்க தங்கச்சி. எங்க ஊர்ல ஒரு டி-ஷர்ட் ஒரே கூரைக்குக் கீழ முழுசா உருவாகறது அபூர்வம். நூல் வாங்கினா நிட்டிங்குக்குப் போகும், அங்கிருந்து சாயப்பட்டறை, அப்புறம் துணி பின்னாடி சுருங்காம இருக்க காம்பாக்டிங். துணியா திரும்பி வந்துதான் கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங். நடுவுல பிரிண்ட், எம்பிராய்டரின்னா அதுக்கும் வெளிய. சரக்கு நம்மளுது, கிடக்கறது அடுத்தவங்க ஷெட்டுல. போறப்ப ஒரு டெலிவரி சலான், வர்றப்ப ஒரு சலான்.

முன்னாடி டேலி மட்டும்தான். நூல் பில், நிட்டிங் கூலி, சாயக்கூலி எல்லாம் ஒழுங்கா ஏறும். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகும். ஆனா முதலாளி கேக்கற கேள்வி அது இல்லீங்களே. "அந்த நெதர்லாந்துக்காரன் ஆர்டர்ல நமக்கு என்ன நின்னுது?"ன்னு கேப்பார். பத்து ஆர்டரோட சாயக்கூலி ஒரே பில்லுல வந்திருக்கும். ஆர்டரைக் கவனிக்கற மெர்ச்சண்டைசர் ஒரு எக்செல் வெச்சிருப்பார், ஃபேப்ரிக் மேனேஜர் ஒரு நோட்டு வெச்சிருப்பார், ரெண்டும் ஒத்துப்போகாது. கடைசியில கண்டெய்னர் கப்பல் ஏறி ரொம்ப நாள் கழிச்சு உத்தேசமா ஒரு நம்பர் சொல்வோம்.

ஈஆர்பி வந்த பிறகு எந்த என்ட்ரி போட்டாலும் அதுல ஆர்டர் நம்பர், கலர், லாட் இருந்தாகணும். ஆரம்பத்துல இது பெரிய தொல்லையாத்தான் இருந்தது. டெலிவரி சலான் போடற பையன் தினமும் என்கிட்ட சண்டைக்கு வருவான். பலன் தெரிஞ்சது துணி வரவுலதான்.

ஒரு கணக்கு சொல்றேன், உதாரணத்துக்குத்தான். ஆர்டர் 10,000 பீஸ். வெட்டுக் கழிவோட பீஸுக்கு 200 கிராம் துணின்னா 2,000 கிலோ வேணும். சாயத்துல 5 சதவீதம் ப்ராசஸ் லாஸ்னு வெச்சா 2,105 கிலோ கிரே துணி (சாயம் போடாத துணி) அனுப்பணும். அனுப்பிட்டோம். திரும்பி வந்தது 1,950. அம்பது கிலோ குறைச்சல், அதாவது 250 பீஸ் இல்லை. நோட்டு காலத்துல இது கட்டிங் டேபிள்ல, கடைசி ரோல் தீர்ந்ததுக்கு அப்புறம்தான் தெரியும். அப்ப போய் அதே ஷேடுல கொஞ்சூண்டு துணி சாயம் போடுன்னா எந்தப் பட்டறைக்காரர் மதிப்பார்? இப்ப எடை போட்டு வரவு வெச்ச அன்னிக்கே மூணு பேருக்குத் தெரியுது. மெர்ச்சண்டைசர் பையருக்கு மெயில் போடறார், நான் குறைஞ்ச துணிக்குப் பணம் பிடிக்க சாயப்பட்டறைக்கு டெபிட் நோட் தயார் பண்றேன், பிளானிங்ல எந்த சைஸ் எத்தனை வெட்டறதுங்கற கட்டிங் ரேஷியோவை மாத்தறாங்க. மூணு பேரும் பார்க்கறது ஒரே என்ட்ரி.

அதே சலான்தான் வரிக்கும் உதவுது. ஜிஎஸ்டி சட்டம் 143-வது பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குச் செய்ய வெளிய அனுப்பின மூலப்பொருள் ஒரு வருஷத்துக்குள்ள திரும்பணும், இல்லேன்னா அனுப்பின நாள்லயே சப்ளை பண்ணதா எடுத்துக்குவாங்க. எந்த நிட்டிங்ல எத்தனை கிலோ தூங்குதுன்னு இப்ப ஒரு ரிப்போர்ட்ல பார்த்துக்கலாம்.

இதையெல்லாம் விட முதலாளி மாறினதுதான் பெருசு. ஆர்டர் வாரியா காஸ்டிங் பார்த்துட்டு, கலர் நிறைய, கலருக்குப் பீஸ் கொஞ்சம்னு வர்ற ஆர்டரை விலை ஏத்தாம எடுக்கறதை நிறுத்திட்டார். அந்த மாதிரி ஆர்டர்ல சாயத்துலயே லாபம் கரையுதுன்னு ஃபேப்ரிக் மேனேஜர் பல வருஷமா வாயால சொல்லிட்டுத்தான் இருந்தார். ஸ்க்ரீன்ல பார்த்தப்பதான் முதலாளிக்கு உறைச்சுது!

இரும்புக்கடை (மதுரை)

படிக்க நல்லா இருக்கு. ஆனா டேலியைச் சும்மா இழுக்காதீங்க. அதுலயும் கோடவுன், ஜாப் ஒர்க், காஸ்ட் சென்டர் எல்லாம் உண்டு, போடறதுக்குத்தான் நமக்குச் சோம்பல். கம்பி, சிமெண்ட் வாங்கி விக்கிறேன், ரெண்டு கோடவுன், அஞ்சு ஆளு. எனக்கு எதுக்கு ஈஆர்பி? போன வருஷம் ஒருத்தர் டையோட வந்து டெமோ காட்டினார். மனிதவள மாட்யூலும் எடுத்துக்கங்கன்னார். அஞ்சு பேருக்கு!

ஸ்டோர்ஸ்காரன் (ஓசூர்)

அண்ணாச்சி கேள்வி நியாயமானது. உங்கள் கடையில் வாங்குகிறவர், எண்ணுகிறவர், பணம் கொடுக்கிறவர் எல்லாம் நீங்களே. அந்த மூன்றும் மூன்று ஆட்களாகப் பிரிகிற இடத்தில்தான் இது தேவைப்படுகிறது.

நான் டிப்ளமோ முடித்துவிட்டு வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸில் சேர்ந்தவன். அங்கே எஸ்ஏபி என்கிற ஈஆர்பி மென்பொருள். பழக்கிவிட்ட பெரியவருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது, ஆனால் சரக்கு வரவு வைக்கிற 'மிகோ' திரையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். லாரி வந்தால் பிஓ (கொள்முதல் ஆர்டர்) நம்பர், எண்ணிப் பார்த்த அளவு, வரவுக்கான மூவ்மெண்ட் டைப் 101, சேவ். முதல்முறை நான் சேவ் கொடுத்ததும், "இப்ப கம்பெனி பேர்ல கடன் எழுதிட்டே, தெரியுதா?" என்றார். தெரியவில்லை. அக்கவுண்டிங் டாக்குமெண்டைத் திறந்து காட்டினார். ஸ்டாக் கணக்கில் பற்று, 'சரக்கு வந்தது, பில் வரவில்லை' என்று காத்திருக்கிற ஒரு இடைக்கணக்கில் வரவு. கிடங்கில் நின்றபடி நான் நிதித்துறை வேலை பார்த்திருக்கிறேன். மல்லி கேட்ட வட்டங்கள் சேருகிற இடம் எனக்கு அதுதான்.

அப்புறம் பில் வரும். அக்கவுண்ட்ஸில் 'மிரோ' திரையில் அந்தப் பில்லைப் போடும்போது பிஓவில் உள்ள விலை, நான் ஏற்றிய அளவு, பில் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். 500 ஆர்டர், வந்தது 480, பில் 500-க்கு என்றால் பணம் பிளாக் ஆகிவிடும். "மீதியை அடுத்த லோடுல அனுப்பிடறேன் சார்" என்று சப்ளையர் மேனேஜருக்கு போன் போட்டு முடித்துக்கொள்கிற காலம் அதோடு போயிற்று. தப்பாக ஏற்றியதை அழிக்கவும் முடியாது, 102 போட்டு ரிவர்ஸ்தான் செய்ய வேண்டும். யார், எப்போது என்று இரண்டும் பதிவில் நிற்கும்.

கெட்டதையும் சொல்ல வேண்டும். எங்களுடையது பேக்ஃப்ளஷ். அசெம்பிளியில் 100 செட் முடிந்தது என்று பதிவு செய்தால், பிஓஎம் (ஒரு செட்டுக்கு எந்த உதிரி எத்தனை) பட்டியல்படி அதற்கான உதிரிகள் தானாகவே ஸ்டாக்கில் கழியும். லைனில் உடைந்தது, தொலைந்தது, வளைந்து தூக்கிப் போட்டது எதுவும் கழியாது. அதை ஸ்கிராப் என்று ஒரு ஆள் தனியாகப் பதிய வேண்டும். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் யார் பதிவது? ஒரு பேரிங், சிஸ்டத்தில் 400 இருந்தது. இரவு எம்ஆர்பி (எதை எவ்வளவு வாங்க வேண்டும் என்று சிஸ்டம் போடும் கணக்கு) ஓடியது, 400 இருக்கிறதே என்று வாங்கச் சொல்லவில்லை. காலையில் பேரிங் பெட்டி காலி, லைன் நின்றது. மீட்டிங்கில் எல்லாரும் "சிஸ்டத்துல காட்டுதே, சிஸ்டத்துல காட்டுதே" என்றார்கள். அதற்குப் பிறகுதான் விலை அதிகமான, லைனை நிறுத்தக்கூடிய உதிரிகளை மட்டும் சுழற்சி முறையில் அடிக்கடி எண்ண ஆரம்பித்தோம். எம்ஆர்பி கணக்கு 1960-களிலிருந்தே இருக்கிறது, கணக்கில் ஒரு குறையும் இல்லை. கொடுக்கிற எண்ணில்தான் குறை.

கோலைவ் இரவு (சென்னை)

ஈஆர்பி போட்டுக் கொடுக்கிற கன்சல்டண்ட் தரப்பிலிருந்து கொஞ்சம். டை கட்டிக்கொண்டு போனது நான் இல்லை அண்ணாச்சி.

இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கதை அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி. 1999-இல் சுமார் 11 கோடி டாலர் செலவில் எஸ்ஏபியையும் வேறு இரண்டு மென்பொருள்களையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். ஓட்டத் தொடங்கியது ஜூலையில், சாக்லேட் அதிகம் விற்கிற ஹாலோவீன் பண்டிகை ஆர்டர்கள் குவியப் போகிற நேரம். சாக்லேட் இருந்தது, ஆர்டரைக் கடைகளுக்கு அனுப்பி முடிக்கத்தான் சிஸ்டம் தடுமாறியது. சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்கள் போகவில்லை. தீபாவளிக்கு முந்தின மாதம் துணிக்கடையில் பில்லிங் மெஷினை மாற்றுகிற துணிச்சல் அது. ஆனாலும் வருடக் கணக்கு முடிக்கிற மார்ச் முடிவில் கோலைவ் (புது சிஸ்டத்தை ஓட்டத் தொடங்குவது) வேண்டும் என்று அடம்பிடிக்கிற கம்பெனிகளை இன்றைக்கும் பார்க்கிறேன்.

இன்னொரு தொல்லை, "எங்க பழைய ரிப்போர்ட் அப்படியே வேணும்." கேட்பதையெல்லாம் எழுதிக் கொடுத்தால் பழைய எக்செல்லையே பல லட்சம் செலவில் திரும்பக் கட்டியதாக ஆகும். என்னைக் கேட்டால், ஒரு கம்பெனியில் யார் எதை அங்கீகரிக்கிறார்கள் என்பதே ஈஆர்பி போடும்போதுதான் முதன்முதலில் பேசப்படுகிறது. தம்பிக்கும் மச்சானுக்கும் எந்தத் தொகை வரை கையெழுத்து அதிகாரம் என்று முடிவு செய்வதற்குள் எங்கள் பிராஜெக்டில் பாதி நாள் போய்விடும்!

மல்லி, எஸ்ஏபி கோர்ஸுக்கு இப்போதே பணம் கட்டாதே. மும்பை ஃப்ராப்பே கம்பெனியின் ஈஆர்பிநெக்ஸ்ட் திறமூல மென்பொருள், காசு இல்லாமல் நிறுவிப் பார்க்கலாம். ஒரு பொய்க் கம்பெனி ஆரம்பி. ஒரு சரக்கு வாங்கு, வரவு வை, பில் போடு, பாதியை விற்றுவிடு. ஒவ்வொரு சப்மிட்டுக்கும் பிறகு ஜெனரல் லெட்ஜரைத் திறந்து என்ன மாறியிருக்கிறது என்று பார்.

எம்காம் மல்லி

சீனியர் அக்கா ஒருவர் உதவியோடு நிறுவிவிட்டேன்! இரும்புக்கடை அண்ணாச்சி நினைவாக சிமெண்ட் கம்பெனி. 100 மூட்டை, மூட்டை 300 ரூபாய். பர்சேஸ் ரிசீப்ட் சப்மிட் செய்ததும் ஸ்டாக்கில் 30,000 பற்று. எதிரில் 'ஸ்டாக் ரிசீவ்டு பட் நாட் பில்டு' என்று வரவு. ஓசூர் அண்ணன் சொன்ன அதே இடைக்கணக்கு, பெயர்தான் வேறு!

ஒரு சந்தேகம். 60 மூட்டை விற்ற பிறகு லாரி வாடகை பில் 2,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைக்கு 20 ரூபாய் கூடுகிறது. விற்றுப்போன மூட்டைக்கு உரிய 1,200 எங்கே போகும்?

கோலைவ் இரவு

நல்ல கேள்வி, இன்டர்வியூவில் நானே கேட்பது உண்டு. ஈஆர்பிநெக்ஸ்டில் 'லேண்டட் காஸ்ட் வவுச்சர்' (வாடகை மாதிரிச் செலவைச் சரக்கு விலையில் சேர்க்கும் பதிவு) போடு. வந்த தேதியிலிருந்தே மதிப்பைத் திரும்பக் கணக்கிட்டு, மீதி 40 மூட்டையை 320 என்று காட்டும், விற்ற 60-இன் அடக்கவிலையையும் ஏற்றிவிடும். எஸ்ஏபியில் சராசரி விலை முறை வைத்திருந்தால், கையில் இருக்கிற 40-க்கான 800 மட்டும் ஸ்டாக்கில் ஏறும், 1,200 விலை வித்தியாசக் கணக்குக்குப் போய்விடும். மொத்த லாபம் ஒன்றுதான், அந்த விற்பனையின் லாபம் திரையில் வேறு வேறாகத் தெரியும். எதை நம்பி அடுத்த விலை சொல்வது என்று உன் மேனேஜரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரும்புக்கடை (மதுரை)

இதுக்குத்தான் தாயி நான் எப்பவும் டெலிவரியோட சேர்த்தே விலை பேசறது. சரி, அந்தச் சாஃப்ட்வேர் பேரை இன்னொரு தடவை சொல்லுங்க, பையன் கேக்கறான்.