எப்போதாவது பிரிண்ட் எடுக்கும் வீட்டுக்கு எந்த பிரிண்டர்? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

மூன்றாம் மாடி, குரோம்பேட்டை

நீட் தேர்வுக்கு முந்தைய இரவு. மகளின் ஹால் டிக்கெட்டை பிரிண்ட் கொடுத்தேன். தாளில் வந்த முகம் பச்சை. மெஜந்தா என்னும் கருஞ்சிவப்பு மை துளிகூட இறங்கவில்லை. நீலமும் மஞ்சளும் மட்டும் சேர்ந்து பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டன. அவள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தாள்.

மை டேங்க் பிரிண்டர்தான், இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிற அதே வகை. அதற்கு முன் பொங்கல் சமயத்தில் எடுத்ததுதான் கடைசி பிரிண்ட். ஹெட் கிளீனிங், அதாவது மை தெளிக்கும் முனையைச் சுத்தம் செய்யும் கட்டளை, கொடுத்தேன். மறுபடியும் கொடுத்தேன். டேங்கில் மெஜந்தாவின் மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, தாளிலோ ஒரு கோடுகூட இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேர்வு மையத்துக்குப் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் எங்களுக்காக ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே விட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

மனதை அரிப்பது வேறு. வாங்கும்போது கடையில் கேட்ட ஒரே கேள்வி, "மாதத்துக்கு எத்தனை பக்கம் எடுப்பீர்கள் சார்?" என்பதுதான். ஒரு பிரிண்டுக்கும் அடுத்த பிரிண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் போகும் என்று யாரும் கேட்கவில்லை. எங்களைப் போன்ற வீடுகளுக்கு அதுதான் முதல் கேள்வி. ஒரு பக்கத்துக்கு எத்தனை பைசா என்ற கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்.

காவிரிக்கரை

என்னிடம் இருப்பது பழைய லேசர், ஹெச்பி 1020. ஒருவர் அலுவலகத்தைக் காலி செய்தபோது விலைக்கு வாங்கினேன். அப்பா போன பிறகு ஸ்ரீரங்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த ஆண்டு வந்து கதவைத் திறந்தால் மேசை, நாற்காலி, பிரிண்டர், எல்லாவற்றின் மேலும் ஒரு விரல் தூசி. வாரிசுச் சான்றிதழ் வேலைக்காக அன்றே தாசில்தார் அலுவலகம் போக வேண்டும். துடைத்தேன், பிளக்கைச் செருகினேன், பிரிண்ட் கொடுத்தேன். முதல் தாளே சுடச்சுட, கருகருவென்று வந்து விழுந்தது. அந்தச் சூட்டை இன்னும் என் விரல் மறக்கவில்லை. அன்று அந்த வீட்டில் என்னோடு ஒத்துழைத்தது அது ஒன்றுதான்.

காரணம் எளிது. லேசரில் திரவ மை கிடையாது. டோனர் என்பது பிளாஸ்டிக்கும் நிறமியும் கலந்த நுண்ணிய தூள். அதை மின்னேற்றத்தால் தாளில் ஒட்டவைத்து, ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் உருக்கி அழுத்துகிறார்கள். காய்வதற்கு உள்ளே ஈரம் என்று ஒன்று இருந்தால்தானே. மூன்றாம் மாடி அவர்களே, உங்கள் வீட்டுக்கு லேசர்தான்.

இதற்கான 12ஏ டோனர் கிடைக்காத ஊர் இல்லை. 2,000 பக்கம் வரும் என்பது கணக்கு. கேனான் எல்பிபி 2900 வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே கார்ட்ரிட்ஜ்தான், 303 என்று எண் மட்டும் வேறு. ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன்: இரண்டிலும் வைஃபை கிடையாது, கேபிள் மட்டும்தான். போனிலிருந்து நேராக அனுப்ப முடியாது.

வீட்டுப்பாடம், கோவை

எல்லாரும் லேசர் லேசர் என்கிறீர்கள். உங்கள் வீட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இல்லை என்று நினைக்கிறேன். இந்த வாரம் போக்குவரத்து வாகனங்கள், அடுத்த வாரம் தேசியத் தலைவர்கள், அதற்கடுத்து நம் நாட்டு ஆறுகள். எல்லாம் கலரில் வேண்டும், வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வருவதே இரவு எட்டு மணிக்குத்தான்.

எனக்கு நேர்ந்தது இது. இந்திய வரைபடம் எடுத்துக் கொடுத்தேன், மிக அழகாக வந்தது. மகன் பின்பக்கம் பசை தடவி சார்ட்டில் ஒட்டி, ஈரக் கையால் மேலே நீவினான். வங்காள விரிகுடா கரைந்து ஒடிசாவுக்குள் ஏறிவிட்டது. கடற்கரை இருந்த இடத்தில் ஒரே நீலம். அவன் அழுத அழுகையில் பக்கத்து வீட்டு அக்கா எழுந்து வந்துவிட்டார். ஆனால் ஊர்ப் பெயர்கள் எல்லாம் கருப்பில் அப்படியே நின்றன. நீலத்துக்குள்ளேயும் "புரி" என்று தெளிவாகப் படிக்க முடிந்தது.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என் பிரிண்டரில் கலர் மைகள் தண்ணீரில் கரையும் சாயம், டை. கருப்பு மட்டும் நிறமித் துகள் கொண்ட பிக்மென்ட் மை, அது தண்ணீருக்கு லேசில் அசையாது. எல்லா மாடலிலும் இப்படி இல்லை, சிலவற்றில் கருப்பும் டைதான். வங்கிப் படிவம், அரசு விண்ணப்பம் எடுப்பவர்கள் கருப்பு எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். மழையில் நனைந்த உறைக்குள் இருக்கும் தாளுக்கு அந்த ஒரு வேறுபாடு போதும்.

பழுதுமேசை, ஈரோடு

பிரிண்டர் சர்வீஸ் கடையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஒரு பெரியவரை மறக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாக அதே பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கருப்பு வரவில்லை. திறந்து பார்த்தால் ஹெட் பாதி வழியில், தன் இடத்துக்குப் போகாமல் நிற்கிறது. "ஐயா, எப்படி அணைப்பீர்கள்?" என்று கேட்டேன். "நானா? இரவு பத்து மணி ஆனால் வீட்டு அம்மா எல்லா ஸ்விட்சையும் சுவரிலேயே அணைத்துவிடுவாள். மின்சாரம் விஷயத்தில் அவள் கண்டிப்பு" என்றார், பெருமையாக. அந்தப் பெருமையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

இன்க்ஜெட், அதாவது திரவ மையைத் தெளிக்கும் பிரிண்டர், வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிண்டரில் இருக்கும் பட்டனை அழுத்தி அணைத்தால் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போது சுவர் ஸ்விட்சை அணைத்தால் ஹெட் நின்ற இடத்தில் திறந்தபடி நிற்கும். தலைமுடியைவிடச் சிறிய துளைகள், நம் ஊர் வெயில். காய்ந்துபோக எத்தனை நேரம் ஆகும்? முதலில் பட்டன், விளக்கு அணைந்த பிறகு சுவர் ஸ்விட்ச். அம்மாக்களுக்கும் இதையே சொல்லிவையுங்கள், சண்டை போட வேண்டாம்.

மூன்றாம் மாடி, உங்கள் மெஜந்தா எங்கே போனது என்று சொல்கிறேன். ஒவ்வொரு கிளீனிங்கிலும் மையை உறிஞ்சி, பிரிண்டரின் அடியில் இருக்கும் ஒரு பஞ்சில் கொட்டும். அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டது என்று கணக்கு வந்தால் பிரிண்டர் வேலையை நிறுத்திக்கொள்ளும். சில மாடல்களில் நாமே மாற்றிக்கொள்ளும் பெட்டியாக அது இருக்கிறது, பலவற்றில் சர்வீஸுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அதனால் கிளீனிங்கை அடுக்கடுக்காகக் கொடுக்காதீர்கள். முதலில் நாசில் செக், அதாவது மைத்துளைகளைச் சோதிக்கும் தாள், எடுத்துப் பாருங்கள். கோடுகள் எங்கே விட்டுப்போகின்றன என்று அதில் தெரியும். ஓரிரு முறை கிளீனிங் கொடுத்தும் மாறவில்லையா, இரவு முழுவதும் விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். ஊறிய மை சில நேரம் அடைப்பைத் தானாகவே கரைத்துவிடும்.

இன்னொன்று. வாங்கும் முன் ஹெட் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். விலை குறைந்த கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்களில் பெரும்பாலும் ஹெட் கார்ட்ரிட்ஜோடு ஒட்டியே வரும். காய்ந்தால் கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் புதிது. டேங்க் வகையில், கேனான் ஜி வரிசையிலும் ஹெச்பி டேங்க் மாடல்களிலும் ஹெட்டைத் தனியாக வாங்கி வீட்டிலேயே மாற்றலாம். எப்சன் எல் வரிசையில் ஹெட் பிரிண்டரோடு நிலையாக இருக்கும். நன்றாக உழைக்கும் ஹெட், ஆனால் அடைத்துக்கொண்டால் நம் கையால் மாற்ற முடியாது. தினமும் ஓடும் கடைக்கு எப்சன் அருமை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் வீட்டில் அது சும்மாவே நின்று காய்கிறது.

வாரம் ஒரு கலர் பக்கம் எடுங்கள். நான்கு நிறமும் உள்ள சிறிய படம் போதும். காலண்டரில் குறித்துவையுங்கள். பின்பக்கத் தாள் தட்டை மூடிவையுங்கள். நான் கழற்றிய பிரிண்டர்களில் ஹேர்பின், ஐம்பது பைசா, பல்லி முட்டை எல்லாம் பார்த்திருக்கிறேன்.

சின்னசேலம்

எதிர் வீட்டில் ஜெராக்ஸ் கடை. ஒரு பக்கம் ஐந்து ரூபாய். வீட்டில் இடம் அடைக்கவில்லை, பஞ்சும் இல்லை, ஹெட்டும் இல்லை. எப்போதாவது எடுப்பவருக்கு எதற்கு பிரிண்டர்?

பெயர் வேண்டாம்

சின்னசேலம் நண்பருக்கு ஒரு பதில்.

பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா, இ-ஆதார் பிரிண்ட் எடுக்க வந்தவர். போனில் இருந்த பிடிஎஃபைக் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பினார். "பாஸ்வேர்ட் சொல்லுங்கம்மா" என்றார் பையன். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் பாஸ்வேர்ட் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அந்த அம்மா அத்தனை பேர் முன்னால் உரக்கச் சொன்னார். பையன் திறக்கிறார். திரையில் டவுன்லோட்ஸ் அடைவு விரிந்து கிடக்கிறது. யாருடைய வங்கி அறிக்கையோ, யாருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டோ, ஒரு விவாகரத்து மனு. மனுவின் பெயரை என்னால் படிக்க முடிந்தது. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அவரைத் தெருவில் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஒரு பாவமும் அறியாதவர் அவர்.

அதற்குப் பிறகுதான் வைஃபை உள்ள சிறிய கருப்பு வெள்ளை லேசர் வாங்கினேன். ஐந்து ரூபாயைப் பற்றி நான் பேசவில்லை. கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் மாஸ்க் செய்த ஆதாரை எடுங்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும். பென் டிரைவில் கொண்டுபோனால் கணினியில் நகல் எடுக்க விடாதீர்கள். வேலை முடிந்ததும் உங்கள் கண்முன்னால் அழிக்கச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும்.

மாடிவீடு, தஞ்சாவூர்

லேசர்காரர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். மின்வெட்டு நேரத்தில் மனைவியின் பயண டிக்கெட்டைப் பிரிண்ட் கொடுத்தேன். விளக்குகள் மங்கின, மின்விசிறி தொய்ந்தது, இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. மாமியார் இருட்டில் மாடிப்படியில் இருந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்ததால் பிழைத்தார். உருக்கும் உருளையைச் சூடாக்க லேசர் சட்டென்று நிறைய மின்சாரம் இழுக்கும். கணினியின் யுபிஎஸ்ஸிலும் செருகக் கூடாது என்று கையேட்டிலேயே இருக்கும். இன்க்ஜெட் சில வாட்டில் வேலையை முடித்துவிடும். இன்வெர்ட்டர் இல்லாத தனி இணைப்பு இருந்தால் மட்டும் லேசர் வாங்குங்கள்.

காவிரிக்கரை

மாடிவீடு சொல்வது சரி, ஆனால் அதற்காக இன்க்ஜெட்டுக்குப் போக வேண்டியதில்லை. மின்சாரம் வந்த பிறகு எடுத்தால் போயிற்று. வீட்டுப்பாடம் சகோதரிக்கும் ஒன்று: லேசர் வாங்கிய பிறகு பழைய இன்க்ஜெட் போட்டோ தாளை மறந்தும் அதில் போடாதீர்கள். மேல்பூச்சு சூட்டில் உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும்.

அமுதசுரபி நகர்

பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் வாங்கிவந்தார் தம்பி. பெட்டியோடு வந்த கார்ட்ரிட்ஜ் சீக்கிரமே தீர்ந்தது. கருப்பும் கலரும் சேர்த்துப் புதிதாக வாங்கக் கேட்டால், பிரிண்டர் விலையை நெருங்கிவிட்டது. ரீஃபில் செய்து போட்டார், ஓடியது. ஒருநாள் இணையம் வழியாக அதுவே ஏதோ புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் காலை அதே கார்ட்ரிட்ஜை "ஏற்க முடியாது" என்று திரையில் காட்டியது. நேற்று வரை ஓடியது எங்கள் வீட்டில்தானே, காசு கொடுத்து வாங்கியதுதானே? தம்பியின் கோபம் இன்னும் ஆறவில்லை, எனக்கும்தான்.

பெட்டியில் "இத்தனை பக்கம்" என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். தாளில் ஏறக்குறைய ஐந்து சதவீத இடத்தில் மட்டும் மை படும் எழுத்துப் பக்கத்தை வைத்துத்தான் அந்தக் கணக்கு பொதுவாகச் சொல்லப்படுகிறது. அரைப் பக்கப் படம் போட்டால் கணக்கு கலைந்துவிடும். புது லேசரோடு வரும் டோனரும் பல நேரம் முழு அளவு கிடையாது. கடையில் வாங்கும் டோனருக்கு எத்தனை பக்கம், கூடவே வருவதற்கு எத்தனை பக்கம் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பழுதுமேசை, ஈரோடு

வைஃபை மாடல் வாங்குபவர்களுக்கு: விலை குறைந்த பிரிண்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் இணையும். ரௌட்டரில் 2.4க்கும் 5க்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சில பிரிண்டர்கள் திணறும், பெயரைப் பிரித்துவையுங்கள். "பிரிண்டர் கெட்டுவிட்டது" என்று என்னிடம் வந்தவற்றில் பல கெடவே இல்லை, ரௌட்டரை மாற்றியிருந்தார்கள்.

தாளையும் கவனியுங்கள். எப்போதாவது எடுக்கும் வீட்டில் 500 தாள் கட்டு ஆண்டுக் கணக்கில் கிடக்கும். பிரித்த கட்டை அப்படியே விட்டால் ஐப்பசி மழையில் ஈரம் இழுத்து ஓரம் சுருளும், இரண்டு மூன்று தாள் சேர்ந்து உள்ளே போகும். நான் கரூர் காகிதபுரத்துத் தாள்தான் வாங்குகிறேன், கரும்புச் சக்கையிலிருந்து வரும் டிஎன்பிஎல், 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம் எடை). அதன் உறையிலேயே சுருட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் படுக்கவையுங்கள். தட்டில் பத்து தாளுக்கு மேல் வேண்டாம்.

மூன்றாம் மாடி, குரோம்பேட்டை

பழுதுமேசை ஐயா, என்னுடையது ஹெட் நிலையாக இருக்கும் வகைதான். நாசில் செக் எடுத்தேன். மெஜந்தா கட்டம் முழுதும் வெள்ளை, மற்ற மூன்றும் முழுமை. இரவு விட்டுப் பார்த்தும் அப்படியே. சர்வீஸ் மையத்தில் ஹெட் மாற்றக் கேட்கும் தொகைக்குச் சிறிய வைஃபை லேசரில் பாதி வந்துவிடும் போலிருக்கிறது. மகளுக்குக் கவுன்சலிங் தாள்கள் எடுக்க வேண்டும், அவற்றுக்குக் கருப்பு போதும். கலர் வேண்டுமானால் அந்த ஷட்டர் தூக்கிய கடைக்காரரிடமே போவேன். இந்தப் பழைய பிரிண்டரின் ஸ்கேனர் மட்டும் நன்றாக ஓடுகிறது, அதற்காக வைத்துக்கொள்ளலாமா? மை காய்ந்திருந்தாலும் ஸ்கேன் செய்ய விடுமா, இல்லை கொஞ்ச நாளில் அதையும் பூட்டிவிடுமா?

பழுதுமேசை, ஈரோடு

மாடலைப் பொறுத்தது. சில பிரிண்டர்கள் மைப் பிழை காட்டினால் ஸ்கேனையும் சேர்த்து நிறுத்திவிடும். உங்களுடையது இப்போது பிழை எதுவும் காட்டாததால் ஓடும். மேலும் கிளீனிங் கொடுத்துப் பஞ்சை நிறைக்காதீர்கள், டேங்கில் மை குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.