சின்னப் பிள்ளைகளோடு கிளை நூலகம் போகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நிலாமுற்றம்:
வணக்கம். பெரியவளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. சின்னவனுக்கு இரண்டரை. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கிளை நூலகம் இருக்கிறது. சின்ன வயதில் அப்பா பேப்பர் படிக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போன அதே கட்டடம்.

போன மாதம் மூன்று தடவை போனோம். முன்னறையில் நீள மேசையைச் சுற்றிப் பேப்பர் படிக்கிற பெரியவர்கள். உள்ளறை முழுக்கக் குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள். சிறுவர் புத்தகங்கள் கண்ணாடிக் கதவு போட்ட பீரோவில் பூட்டியிருக்கின்றன. கேட்டால் திறந்து தருகிறார்கள், ஆனால் நூலகர் பக்கத்தில் நிற்கும்போதே சட்டென்று எடுத்தாக வேண்டும். பெரியவளுக்குப் பத்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால்தான் ஒன்றை எடுக்க மனம் வரும்.

இரண்டாவது தடவை சின்னவன் அட்டையைப் பார்த்து "யானை!" என்று கத்தினான். உள்ளே படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, ஆனாலும் எனக்கு உடம்பு கூசிவிட்டது. வீட்டில் அமைதியாகப் படிக்க இடம் இல்லாமல்தானே அந்தப் பெண் இங்கே வந்து உட்கார்ந்திருப்பாள். அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மூன்றாவது தடவை எடுத்து வந்த புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பாதி வரை கிழித்துவிட்டான். செலோ டேப் ஒட்டுவதா, அப்படியே கொண்டுபோய்ச் சொல்வதா என்று புரியாமல் ஐந்து நாளாக அலமாரி மேலேயே வைத்திருக்கிறேன்.

கடையில் வாங்கிக் கொடு என்கிறார் வீட்டுக்காரர். வாங்குகிறோம்தான். ஆனால் பெரியவள் வாரத்துக்கு நாலு புத்தகம் முடிக்கிறாள். அப்புறம், பிடிக்காத புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டு வேறொன்று எடுக்கிற உரிமை அவளுக்கு நூலகத்தில்தான் கிடைக்கும். இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
என் மகனுக்கு இப்போது நாலு வயது, போன வருடம் இதே பாடுதான் பட்டேன். நாங்கள் மதுரை. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்ததும், குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். உண்மையிலேயே நல்ல இடம். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும், மாதம் ஒரு தடவைக்கு மேல் முடியாது. பிள்ளைக்குப் பழக்கம் வந்தது தெருமுனைக் கிளை நூலகத்தில்தான்.

நான் செய்தது இதுதான். வயிறு நிறையச் சாப்பிட வைத்துத்தான் கிளம்புவேன். உள்ளே பத்து நிமிஷத்துக்கு மேல் இருப்பதில்லை. மூன்று புத்தகம் எடுத்துப் பதிந்துகொண்டு வெளியே வேப்பமரத்தடித் திண்ணைக்கு வந்துவிடுவோம். யானை, புலி, கத்தல் எல்லாம் அங்கே. நூலகம் என்றாலே அவனுக்கு அந்தத் திண்ணைதான். கார்டைக் கொடுப்பதும் வாங்குவதும் அவன் வேலை, நான் தொடவே மாட்டேன்.

பழைய நூலகர்:
அம்மா, நான் பொது நூலகத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் கிழிந்த புத்தகம். செலோ டேப் ஒட்டாதீர்கள். இரண்டு மூன்று வருடத்தில் மஞ்சளாகி, பசை இளகிப் பக்கத்து தாளையும் பிடித்துக்கொள்ளும். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்து, பிள்ளை கிழித்துவிட்டான் என்று சொல்லுங்கள். மெல்லிய தாளும் மைதாப் பசையும் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. கிழிந்ததைச் சொல்லப் பயந்து திரும்பி வராமலே போன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்குப் புத்தகத்தைவிட அவர்கள் போனதுதான் வருத்தம்.

பீரோ பூட்டுக்கும் காரணம் உண்டு. இருப்புச் சரிபார்ப்பில் புத்தகம் குறைந்தால் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் பூட்டுகிறார்கள். நானும் பூட்டியவன்தான். அது தவறு என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று. இந்திய நூலகத் துறையின் தந்தை என்று சொல்லப்படுகிற, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று எழுதிவிட்டார். பூட்டிய பீரோவுக்குள் இருக்கிற நூலை எந்த வாசகர் கண்டுபிடிப்பார்?

நூலகரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "கீழ்த்தட்டில் இருபது புத்தகம் மட்டும் வெளியே வையுங்கள், போகும்போது நானே எண்ணி அடுக்கித் தருகிறேன்." பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அடுத்து, வருகைப் பதிவேட்டில் உங்கள் பெண்ணையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சிறுவர்கள் வருகிறார்கள் என்பதற்கு அங்கே அதுதான் எழுத்தில் இருக்கிற சான்று. கூச்சப்பட எதுவும் இல்லை. 1948-லேயே நூலகச் சட்டம் வந்த மாநிலம் இது. நீங்கள் கட்டுகிற சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. பரீட்சைக்குப் படிக்கிற அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு உரிமையோ, உங்கள் மகனுக்கும் அவ்வளவு.

ஸ்காபரோ அப்பா:
நான் ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பக்க நூலகக் கிளையில் தமிழ்ப் பிள்ளைகள் புத்தகங்களும் இருக்கின்றன, மூன்று கிழமைக்கு எடுத்துவரலாம். பிந்திக் கொடுத்தால் தண்டம் கட்டும் வழக்கத்தை ரொறன்ரோ பொது நூலகம் 2022-இல் முற்றாக நிறுத்திவிட்டது. தொலைத்தாலோ பழுதாக்கினாலோ மட்டும் காசு கட்ட வேண்டும். தண்டப் பயம் போன பிறகு நான் மகளை இன்னும் தாராளமாக எடுக்க விடுகிறேன். எங்கள் வீட்டில் நூலகப் புத்தகத்துக்குத் தனியாக ஒரு பனையோலைக் கூடை. அம்மா ஊரில் இருந்து கொண்டுவந்தது. கூடையில் இருப்பதைப் பாயில் இருந்துதான் வாசிக்கலாம், சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோகக்கூடாது. மகள் அதை மீறியதே இல்லை.

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை மாலை போனோம். கிழிந்ததை முதலில் எடுத்து நீட்டிவிட்டேன். நூலகர் வாங்கிப் பார்த்தார், "இவ்வளவுதானே" என்றார். ஐயா சொன்னபடியே கீழ்த்தட்டைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு தட்டுப் புத்தகத்தையே எடுத்துப் பாய் விரித்து வைத்தார். பெரியவள் பதிவேட்டில் பெயரை ஒரு வரிக்குள் அடக்க முடியாமல் இரண்டு வரியில் எழுதினாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எடுத்த புத்தகத்தின் பின்னால் தேதிச் சீட்டில் கடைசியாக இருந்த முத்திரை 2011. அதன் கீழே அவளுக்கான தேதியைக் குத்தினார்கள்.

பரீட்சைக்குப் படிக்கிற அந்தப் பெண் வெளியே வந்து பத்து நிமிஷம் சின்னவனுக்குப் படம் காட்டிவிட்டுப் போனாள்.

பீரோவில் கிழிந்த புத்தகம் இன்னும் பதினைந்தாவது இருக்கும். நான் வீட்டில் ஒட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஐயா, மைதாவை எப்படிக் காய்ச்ச வேண்டும்?

பழைய நூலகர்:
ஒரு கரண்டி மாவுக்கு ஆறு கரண்டி தண்ணீர். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். கண்ணாடி போல வந்ததும் இறக்கி ஆற வையுங்கள். பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் வாயில் வைக்கிற புத்தகத்துக்கு வேண்டாம். அன்றன்றைக்குத் தேவையான பசையை அன்றன்றைக்கே காய்ச்சுங்கள். ஒட்டிய பக்கத்துக்கு இரண்டு பக்கமும் மெழுகுத்தாள் வைத்து, மேலே அம்மிக்குழவியோ வேறு கனமான எதுவோ ஏற்றி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.