பறித்த அன்றே அடுப்புக்கு: தினமும் வீட்டுத் தோட்டத்திலிருந்து சமைப்பவர்கள் பேசலாம்

கொல்லைப்புறக் கீரை:

எங்கள் வீட்டில் ஐந்து பேர். காய், கீரை, மிளகாய், கொத்தமல்லி எல்லாம் பெரும்பாலும் கொல்லையில் விளைவதுதான். தானியம், பருப்பு, எண்ணெய் வெளியில் வாங்குகிறோம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுக்க வேண்டிய தானியத்தை வீட்டைச் சுற்றியுள்ள இடத்தில் விளைவிக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரிதாக எதிர்பார்த்துவிட்டு, பாதியிலேயே சோர்ந்துபோகிறார்கள்.

செடி வளர்ப்பு பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். சமையலுக்கும் அப்படியே. இரண்டையும் தினமும் ஒரே ஆள் செய்யும்போது நடுவில் இன்னொரு வேலை இருக்கிறது, அதைப் பற்றித்தான் பேச ஆசை. இன்றைக்கு எது பறிக்கும் பதம், எது இன்னும் இரண்டு நாள் செடியிலேயே இருக்கலாம், எது இன்றே அடுப்பேற வேண்டும் என்ற கணக்கு. அடுப்படியில் நிற்கும் நேரத்தைவிட இந்தக் கணக்குதான் என் நாளை நடத்துகிறது.

கணவரின் அக்கா எங்களோடு தங்க வந்திருந்தார். படுக்கப் போகும்போது, "நாளைக்கு என்ன சமையல்?" என்று கேட்டார். "காலையில் செடியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லணும் அண்ணி" என்றேன். அவருக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. மறுநாள் என்னோடு கொல்லைக்கு வந்தார். பீன்ஸ் கொடியின் இலைகளை விலக்கிக் காட்டினேன். மேலோட்டமாகப் பார்த்தால் நாலைந்து காய்தான் தெரியும். குனிந்து, கீழேயிருந்து மேல்நோக்கிப் பார்த்தால் கை நிறையத் தொங்கும். ஒன்றைப் பறித்து வளைத்துப் பார்க்கச் சொன்னேன். பட்டென்று ஒடிந்தது, நார் இல்லை. பக்கத்திலேயே இன்னொன்று, தோலுக்கு மேலே விதை மேடு மேடாகத் தெரிந்தது. அது வளைந்ததே தவிர ஒடியவில்லை.

அந்த இரண்டாவது காய்தான் விஷயம். விதை முற்ற ஆரம்பித்துவிட்டால் கொடி புதிதாகப் பூப்பதைக் குறைத்துவிடும். பீன்ஸ், வெண்டை, வெள்ளரி மூன்றுக்கும் இது பொருந்தும். தொடர்ந்து பறித்தால்தான் தொடர்ந்து காய்க்கும். ஆகவே வீட்டில் யாருக்கும் இன்றைக்கு வெண்டைக்காய் வேண்டாம் என்றாலும் பறித்துத்தான் ஆகவேண்டும், பறித்ததைச் சமைத்தும் ஆகவேண்டும். "அப்படியென்றால் செடிதான் உனக்குப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறது" என்றார் அண்ணி. அவர் கிளம்பும் வரை காலையில் கூடையோடு முதலில் கொல்லைக்குப் போனது அவர்தான்.

உங்கள் வீட்டில் எப்படி? யார் வந்து என்ன கேட்டார்கள், என்ன பார்த்துவிட்டுப் போனார்கள்? எழுதுங்கள்.

ஜன்னலோரச் செடி:

எனக்குத் தோட்டமே கிடையாது. கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல், அவ்வளவுதான். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் விழும். தக்காளிக்கு இது போதாது, அதற்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரைக்கும் புதினாவுக்கும் தாராளம். வேரோடு பிடுங்காமல், கீழே இரண்டு கணு விட்டுக் கிள்ளினால் கிள்ளிய இடத்திலேயே மறுபடி துளிர்க்கும்.

வெயில் குறைந்த மாதங்களில் பாசிப்பயறு முளைகட்டுகிறேன். மண்ணே தேவையில்லாத விளைச்சல் அது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: முளை வளரும் அதே ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடிக்கும். பெரியவர்கள், சின்னப் பிள்ளைகள், கர்ப்பமாக இருப்பவர்கள் உள்ள வீட்டில் பச்சையாகக் கொடுக்காமல் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். இதை எனக்குச் சொன்னவர் எதிர் வீட்டில் குடியிருந்த செவிலியர் அக்கா. அன்றிலிருந்து என் மாமனார் தட்டுக்கு வேகாத முளை போவதில்லை.

இரண்டு வாண்டுகளின் அம்மா:

பிள்ளைகள் காய் சாப்பிட மாட்டார்கள் என்று புலம்பும் அம்மாக்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் பூசணிக் கொடி பூவாய்ப் பூத்தது, ஆனால் பிஞ்சுகள் எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தன. அப்போது தோட்டத்துக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் என் சின்னவளைக் கூப்பிட்டு இரண்டு பூக்களைக் காட்டினார். ஒன்றுக்கு வெறும் நீளக் காம்பு, அது ஆண் பூ. இன்னொன்றின் பின்னால் கோலிக்குண்டு அளவில் ஒரு குட்டிப் பூசணி, அது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் உள்ள மகரந்தக் காம்பைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவச் சொன்னார். காலையிலேயே செய்துவிட வேண்டும், பூ வாடிவிட்டால் பயனில்லை என்றார். மஞ்சள் பொடி ஒட்டிய விரலை அவள் யாரையும் தொட விடவில்லை.

அந்தப் பிஞ்சு உதிரவில்லை. தினமும் பள்ளிக்குப் போகுமுன் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். பறித்துச் சமைத்த அன்று, அதுவரை பூசணியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி வைத்த பெண், "இது என் காய்" என்று அண்ணனுக்கும் பரிமாறினாள். காய் சாப்பிட வைக்க நான் எடுத்த எந்த முயற்சியும் இதற்கு அருகில் வராது. அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு செடி என்று பிரித்துக் கொடுத்துவிட்டேன். நீங்களும் கொடுங்கள், முள்ளங்கியில் ஆரம்பியுங்கள். ஒரு மாதத்துக்குள் பிடுங்கலாம், பிள்ளைகளின் பொறுமைக்கு அதுதான் சரி.

இன்னொன்று, இது கவனமாகப் படிக்க வேண்டியது. சுரை, வெள்ளரி, பூசணி மூன்றையும் நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். காயை மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு சுரைக்காய் அப்படிக் கசந்தது. உறவுக்காரப் பாட்டி ஒருவர், "கசப்பு உடம்புக்கு நல்லதுதானே, காரம் கூடப் போட்டால் தெரியாது" என்றார். பாட்டியிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருளால் வருவது. வேகவைத்தாலும் போகாது, கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். பாகற்காய்க்குக் கசப்பு இயல்பான சுவை, இவற்றுக்கு அப்படியில்லை. விதையை நாமே எடுத்து வைத்து, பக்கத்தில் காட்டு வகையோ அலங்காரச் சுரையோ பூத்திருந்தால், கலப்பாகி அடுத்த தலைமுறைக் காயில் இது வரலாம். வீட்டு விதை போடுகிறவர்கள் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

ராத்திரி ஷிப்ட் அப்பா:

எங்கள் வீட்டில் சமையல் என்னுடையது, தோட்டம் மனைவியுடையது. அவர் வாசலில் வைத்துவிட்டுப் போகும் கூடையைப் பார்த்துத்தான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

ஒரே நாளில் சமைத்து இரண்டு வேளைக்கு வைக்கிறவன் என்பதால் மிச்சத்தைப் பற்றிச் சொல்கிறேன். சோற்றைச் சாயங்காலம் வரை மேடையிலேயே மூடி வைத்து, சூடுபண்ணிச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். என்னோடு வேலை பார்ப்பவர்கூட அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் வரை. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும், அதில் ஒரு வகை நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். பருப்பு, காய் எல்லாவற்றுக்கும் அதே வழக்கம்தான்.

மனைவி காயவைத்து உரித்துத் தரும் சிவப்பு ராஜ்மாவுக்கும் ஒரு விதி உண்டு. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும், அரை மணி என்றால் இன்னும் நல்லது. அப்புறம்தான் மெதுவாக வேகவிடலாம். கொதி வராத சூட்டில் நாள் முழுக்க வேகவைத்தால் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப்பொருள் அழியாது.

கீரையை நான் அலசும் விதம்: பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர், கீரையைப் போட்டுக் கையால் அளைந்துவிட்டுக் கொஞ்ச நேரம் விடுவேன். மண் அடியில் தங்கும். தண்ணீரைச் சாய்க்காமல் கீரையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும், சாய்த்தால் மண் மறுபடி கீரைமேலேயே விழும். பாத்திரத்தின் அடியில் மணல் நறநறக்காத வரைக்கும் திரும்பத் திரும்ப அலசுவேன். மாமியார் ஒருமுறை பின்னால் நின்று பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, நீங்க அலசின கீரையை நான் கண்ணை மூடிட்டுச் சாப்பிடுவேன்" என்றார். இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவதில் எனக்குப் பெருமைதான்.

அலுத்துப்போன கை:

எல்லாம் சரி. ஆனால் ஒருவர் தலையில் மட்டும் விழுந்தால் இது சுமைதான், அதையும் யாராவது சொல்ல வேண்டும். தண்ணீர் ஊற்றுவது, பறிப்பது, அலசுவது, நறுக்குவது, சமைப்பது, தோலைக் குப்பையில் போடாமல் உரக்குழியில் போட்டுக் காய்ந்த இலை தூவுவது. இத்தனைக்குப் பிறகு தட்டில் பார்த்து "இன்றைக்கும் கத்தரிக்காயா" என்று கேட்கிறார்கள். மேலே எழுதிய அப்பாவின் வீட்டில் பாதிப் பாதியாகப் பிரித்திருக்கிறார்கள், அதனால்தான் ஓடுகிறது. எங்கள் வீட்டிலும் இந்த மாதம் முதல் பறிப்பதும் அலசுவதும் என் மகன் பொறுப்பு என்று பேசி முடித்திருக்கிறோம்.

இப்போது ஒரு கேள்வி. தக்காளி ஒரேயடியாகப் பழுத்துக் குவிகிறது. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று. என்ன செய்வது?

கொல்லைப்புறக் கீரை:

நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. மகனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அடுத்த முறை விதையை ஒரே நாளில் போடாதீர்கள். பாதியை இப்போது, மீதியை மூன்று வாரம் கழித்து என்று பிரித்தால் குவிவது குறையும். கீரைக்கு இடைவெளி இன்னும் குறைவாக, பத்து நாளுக்கு ஒரு சிறு பாத்தி. தக்காளியை மட்டும் கடும் வெயில் காலத்துக்குத் தள்ளிவிடாதீர்கள், பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும்.

இப்போது கையில் இருப்பதற்கு: பாதியைக் கொஞ்சம் எண்ணெயில் நன்றாகச் சுண்டவைத்துத் தொக்காக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீன் எண்ணெயோடு வெந்தால் உடம்பில் நன்றாகச் சேரும். எண்ணெய் மேலே நிற்கிறது, கெடாது என்று வெளியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்கு அடியிலும் வளரும் கிருமி உண்டு. மீதிப் பாதிக்கு அடுப்பே வேண்டாம். கழுவித் துடைத்து, முழுசாக அப்படியே ஃபிரீசரில் போட்டுவிடுங்கள். வேண்டும்போது எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் தோல் தானாகக் கழன்றுவரும். பச்சையாகச் சாப்பிடத்தான் ஆகாது, வேகவைக்கும் எதற்கும் ஆகும்.