அப்போஎன்சைம்: 'வெறுநொதி' சரிப்படுமா?

வணக்கம். உலோகம் நீங்கிய நொதிப் புரதத்தை (அப்போஎன்சைம்) தமிழில் எப்படி அழைப்பது என்ற பேச்சில் ஒருவர் சொன்னதற்கு என் பதில் இது.

> 'செயலிழந்த நொதி' போதுமே, யாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கொதிக்கவைத்த நொதியும் செயலிழந்ததுதான். நாம் பெயர் தேடுவது, மடிப்பு குலையாமல் உலோகம் மட்டும் கழன்றுபோன புரதத்துக்கு. உலோகத்தைத் திரும்பக் கொடுத்தால் அது மறுபடி வேலை செய்யும்.

நறுக்கிய உருளைக்கிழங்கைக் கறுக்கவைக்கும் ஆக்சிடேஸ் நொதியில் 1930களின் பிற்பகுதியில் குபோவிட்ஸ் என்ற உயிர்வேதியியலாளர் செய்துகாட்டியது இதைத்தான். சயனைடு அந்த நொதியின் தாமிரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். டயாலிசிஸில், அதாவது சவ்வு வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றும்போது, இரண்டும் வெளியேறிவிடும். நொதி சும்மா கிடந்தது. தாமிர உப்பைச் சேர்த்ததும் செயல் திரும்பியது. தாமிரம் தற்செயலாக ஒட்டிய அழுக்கில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

'முன்நொதி'யும் வேண்டாம். பெப்சினோஜென் போல, பின்னால் ஒரு துண்டு வெட்டப்பட்டு நொதியாக மாறுபவற்றுக்கு அது தேவைப்படும். என் வாக்கு 'வெறுநொதி'க்கு. வெறு + இலை வெற்றிலை ஆன மொழியில் இது உறுத்தாது. நண்டின் ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோசயனின் போல, தாமிரம் இருந்தும் நொதி அல்லாதவற்றுக்கு 'வெறும்புரதம்' என்று நீட்டிக்கொள்ளலாம். உலோகத்தோடு இருப்பது முழுநொதி. அதில் சண்டை இல்லை.

அப்புறம், உலோகத்தைத் திரும்பக் கொடுப்பதற்குச் சொல்லப்படும் 'உலோக மீட்பு'. கழிவுநீரிலிருந்து தாமிரம் எடுப்பவர்களும் அதைத்தானே சொல்கிறார்கள்! இங்கே மீட்கப்படுவது உலோகமல்ல, நொதியின் செயல். அதனால் 'மீளேற்றம்' என்கிறேன்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. மாட்டு ரத்தத்தின் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூடேஸ் என்ற நொதியில் ஒவ்வொரு துணையலகிலும் (அது சேர்ந்து அமைந்த புரதத் துண்டுகளில்) ஒரு தாமிரம், ஒரு துத்தநாகம். அமிலத்தன்மையுள்ள கரைசலில் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் இடிடிஏ என்ற வேதிப்பொருளைக் கொண்டு இரண்டையும் எடுத்துவிடலாம். துத்தநாகத்தின் இடத்தில் கோபால்ட்டை வைத்தாலும் நொதி வேலை செய்கிறது. தாமிரத்தின் இடத்தில் வேறு எதை வைத்தாலும் பிரயோஜனமில்லை. பழைய உலோகமே திரும்பினால் மீளேற்றம், வேறு உலோகம் வந்தால் 'மாற்றேற்றம்'. 'மீட்பு' என்று வைத்துக்கொண்டால் இந்த இரண்டாவதற்கு என்ன செய்வது?

லாக்கேஸ் என்ற நொதிதான் இடிக்கிறது. அதில் நான்கு தாமிர அணுக்கள், மூன்று வகை. இரண்டாம் வகையை மட்டும் தனியே எடுக்க முடியும். மற்றவை அப்படியே இருக்கும். அது வெறுநொதியும் இல்லை, முழுநொதியும் இல்லை. 'குறைநொதி' என்றால் ஏதோ நோய் மாதிரி இருக்கிறது. இப்போதைக்கு 'இரண்டாம் வகைத் தாமிரம் நீக்கிய லாக்கேஸ்' என்று நீட்டியே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.